விழுந்து நடிக்கும் வீரர்கள்: கூடைப்பந்து நடுவர் எப்போது விசில் ஊத வேண்டும், எப்போது ஊதக் கூடாது?

கூடைப்பந்து ஆட்டத்தில் எதிரணி வீரரின் தோள் இலேசாகப் பட்டவுடன் கைகளை விரித்து, தலையைப் பின்னுக்கு வீசி, மல்லாந்து சறுக்கிக்கொண்டே செல்லும் வீரரைப் பார்க்காத ரசிகர் இருக்க முடியாது. தொலைக்காட்சியின் மெதுவான மறு ஒளிபரப்பில் பார்த்தால், பட்டதாகச் சொல்லப்படும் தோளுக்கும் விழுந்தவரின் மார்புக்கும் இடையே ஒரு கை புகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஆனால், அதற்குள் நடுவர் விசில் ஊதியிருப்பார். பந்து கை மாறியிருக்கும். தவறே செய்யாத வீரரின் கணக்கில் ஒரு பவுல் ஏறியிருக்கும்.

'ஃபிளாப்பிங்' என்று அழைக்கப்படும் இந்த நடிப்பைத் தடுக்க அமெரிக்காவின் என்பிஏ தொடரும், ஃபிபா எனப்படும் சர்வதேச கூடைப்பந்து கூட்டமைப்பும் பல ஆண்டுகளாக விதிகளைத் திருத்தி வருகின்றன. அபராதம், எச்சரிக்கை, ஃப்ரீ த்ரோ எனத் தண்டனையின் வடிவங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. விதி எதுவாக இருந்தாலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது களத்தில் நிற்கும் இரண்டு அல்லது மூன்று நடுவர்கள்தான். அவர்கள் என்ன செய்ய முடியும், எது பலன் தந்துள்ளது, எது தரவில்லை என்பதைப் பார்க்கலாம்.

புதிய நோய் அல்ல

நடிப்பு அண்மைக்காலச் சீரழிவு என்று பழைய ரசிகர்கள் குறைபட்டுக்கொள்வது வழக்கம். உண்மை அதுவல்ல. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ஃபிராங்க் ராம்சே, நடுவரை நம்பவைத்து பவுல் பெறும் உத்திகளை 1963-ஆம் ஆண்டிலேயே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் வெளிப்படையாக விளக்கினார். பின்னாளில் செர்பியாவின் விளாடே டிவாச் இந்தக் கலையுடன் சேர்த்தே பேசப்பட்டார். ஏழடி உயர வீரர் ஒருவர் காற்றில் ஒடிந்த வாழை மரம் போலச் சாய்வதைக் கண்டு அரங்கம் சிரித்தது. ஆனால், விசில் பெரும்பாலும் அவர் பக்கமே ஒலித்தது.

இதைத் தடுக்க என்பிஏ நிர்வாகம் எடுத்த முதல் பெரிய நடவடிக்கை 2012 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆட்டம் முடிந்த பிறகு காணொலியைப் பார்த்து, நடித்த வீரருக்கு முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை 5,000 டாலர், அடுத்து 10,000, 15,000, 30,000 டாலர் எனப் படிப்படியாக உயரும் அபராதம் விதிக்கப்பட்டது. தங்களுடன் பேசாமலேயே தண்டனை கொண்டுவரப்பட்டதாக வீரர்கள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. முதல் அபராதம் ப்ரூக்ளின் நெட்ஸ் அணியின் ரெஜி எவன்சுக்கு விதிக்கப்பட்டது. 2013 மே மாதம் கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றின் 4-ஆவது ஆட்டத்தில் நடித்ததாக மயாமி ஹீட் அணியின் லெப்ரான் ஜேம்ஸ், இண்டியானா பேசர்ஸ் அணியின் டேவிட் வெஸ்ட், லான்ஸ் ஸ்டீபன்சன் ஆகிய மூவருக்கும் தலா 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அந்தப் பருவத்தில் ஜேம்ஸின் ஊதியம் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கும் அதிகம். அவருக்கு 5,000 டாலர் என்பது மாதச் சம்பளக்காரர் ஒருவர் தேநீருக்குக் கொடுக்கும் காசைவிடப் பெரிதாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. அதைவிடப் பெரிய குறை, அபராதம் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்தது என்பதுதான். நடிப்பால் கிடைத்த புள்ளி, ஆட்டத்தின் முடிவு, எதிரணி வீரர் மீது ஏறிய பவுல் ஆகிய எதையும் அது மாற்றவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அபராத அறிவிப்புகளும் அரிதாயின.

களத்திலேயே தண்டனை

பத்து ஆண்டுகளுக்கும் மேலான அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2023 ஜூலையில் என்பிஏ நிர்வாகக் குழு தண்டனையைக் களத்துக்குக் கொண்டுவந்தது. 2023-24 பருவத்திலிருந்து, நடிப்பைக் கண்ட நடுவர் உடனே டெக்னிக்கல் பவுல் வழங்கலாம். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆனால், இது ஒழுங்கீனத்துக்கான டெக்னிக்கல் பவுலாகக் கருதப்படாது என்பதால், நடித்ததற்காக மட்டும் ஒரு வீரர் வெளியேற்றப்பட மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நடுவர் உடனடியாக நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே நிகழ்வில் உண்மையான பவுலையும் நடிப்பையும் சேர்த்தே அறிவிக்கவும் விதி இடமளிக்கிறது.

இந்தக் கடைசிப் பிரிவு முக்கியமானது. நடிப்புகளில் பெரும்பாலானவை முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. கை பட்டது உண்மை, அந்தக் கை பட்டதால் மூன்றடி தள்ளிப்போய் விழுந்தது பொய். பவுல் இருந்ததா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்கும் நடுவர், உண்மையான பாதிக்காகப் பொய்யான பாதியையும் மன்னித்துவிட நேரிடும். இரண்டையும் தனித்தனியே தண்டிக்க முடியும் என்ற நிலை வந்தால், 'என்னை அடித்தது உண்மைதானே' என்ற வாதம் எடுபடாது.

ஃபிபா விதிகள் வேறு வழியில் செல்கின்றன. இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் போட்டிகள் உட்பட, உலகின் பெரும்பாலான போட்டிகள் இந்த விதிகளின்படியே நடைபெறுகின்றன. ஒருவர் நடிப்பதைக் கண்டால், நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமல் முன்கையை இரு முறை உயர்த்திச் சைகை காட்டுவார். ஆட்டம் அடுத்து நிற்கும்போது, அந்த வீரருக்கும் அவரது தலைமைப் பயிற்சியாளருக்கும் எச்சரிக்கை தெரிவிக்கப்படும். ஓர் அணிக்கு ஒரே ஓர் எச்சரிக்கைதான். அதன் பிறகு அதே அணியில் வேறு எவர் நடித்தாலும் டெக்னிக்கல் பவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. தொடுதலே இல்லாமல் மிகையாக நடித்தால் எச்சரிக்கையின்றியும் இந்தத் தண்டனையை வழங்கலாம்.

ஃபிபா விதிகளில் இந்த டெக்னிக்கல் பவுல் வீரரின் தனிக்கணக்கில் சேரும். ஐந்து பவுல் ஆனால் அவர் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். இரண்டு டெக்னிக்கல் பவுல் பெற்றாலே தகுதிநீக்கம்தான். எச்சரிக்கை தனி வீரருக்கானது அல்ல, அணிக்கானது என்பதில்தான் இந்த விதியின் கூர்மை இருக்கிறது. முதலில் நடித்தவர் இளம் வீரராக இருக்கலாம். அதன் விலையை அடுத்த முறை கொடுப்பவர் அணியின் நட்சத்திரமாக இருக்கலாம். எனவே, தன் வீரர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய பொறுப்பு பயிற்சியாளர் மீது விழுகிறது.

ஒரு சிறு கணக்கு

நடிப்பு ஏன் ஒழியவில்லை என்பதற்கு எண்களே விடை சொல்லும். என்பிஏ வீரர்கள் 100 ஃப்ரீ த்ரோக்களில் சுமார் 78-ஐ கூடையில் போடுகிறார்கள். ஓர் அணி ஒரு முறை பந்தைக் கொண்டுசென்று தாக்கினால் சராசரியாக 1.1 புள்ளிகளை ஒட்டி எடுக்கிறது. எறிபவர் நடித்து இரண்டு ஃப்ரீ த்ரோ பெற்றால், அவற்றின் சராசரி மதிப்பு சுமார் 1.56 புள்ளி, அதாவது அரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவான லாபம். பிடிபட்டால் எதிரணிக்குச் செல்லும் ஒரு ஃப்ரீ த்ரோவின் மதிப்பு சுமார் 0.78. எறிபவருக்கு இது நட்டம் தரக்கூடிய சூதாட்டம்தான்.

தடுப்பாளரின் கணக்கு வேறு. அவர் நடித்து, தாக்கும் வீரர் மீது பவுல் வாங்கினால், எதிரணியின் 1.1 புள்ளி வாய்ப்பு முழுவதும் அழிகிறது. பிடிபட்டால் இழப்பு அதே 0.78 மட்டுமே. பத்து முறை பிடிபட்டு, எட்டு முறை ஏமாற்ற முடிந்தாலே அவர் லாபத்தில் நிற்பார். தண்டனை ஓரளவு கடுமையாக இருந்தாலும், பிடிபடும் வாய்ப்பு குறைவாக இருக்கும்வரை நடிப்பு தொடரும் என்பதே இதன் பொருள்.

இந்தக் கணக்கில் சேராத ஒன்று உண்டு. விசில் ஒலிக்காவிட்டால் என்ன ஆகும்? விழுந்தவர் தரையில் கிடப்பார். மற்ற ஒன்பது பேரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிரணி ஐந்து பேர், இவரது அணி நான்கு பேர். கூடைக்குச் செல்லும் வழி திறந்து கிடக்கும். எந்த விதிப் புத்தகமும் எழுதாத தண்டனை இது. எளிதான இரண்டு புள்ளிகளைக் கொடுத்துவிட்டு எழுந்து வரும் வீரரைப் பயிற்சியாளர் எப்படிப் பார்ப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நடிப்புக்கு எதிராக நடுவரின் கையில் உள்ள மிக வலுவான ஆயுதம் ஊதாத விசில்தான் என்று கூறலாம்.

ஊதாமல் இருக்கத் துணிவு வேண்டும். ஒரு வீரர் சத்தத்துடன் விழுகிறார், அவரது அணியின் இருக்கைப் பகுதி முழுவதும் எழுந்து நிற்கிறது, அரங்கம் கத்துகிறது. தான் எதையோ தவறவிட்டோமோ என்ற ஐயம் நடுவருக்கு எழுவது இயல்பு. அந்த ஐயத்தில் ஊதப்படும் விசில்தான் நடிப்பவருக்குக் கிடைக்கும் பரிசு. விழுந்த ஓசையைக் கேட்டோ, விளைவைப் பார்த்தோ பவுல் வழங்கக் கூடாது. தொடுதலைக் கண்ணால் கண்டால் மட்டுமே ஊத வேண்டும். நடுவர் பயிற்சியின் அரிச்சுவடி இது.

கண் எங்கே இருக்க வேண்டும்?

பந்தைப் பின்தொடரும் கண், பவுலைப் பார்க்காது. எனவேதான் பந்து வைத்திருப்பவரை விட அவரைத் தடுப்பவரை முதலில் பார்க்க நடுவர்களுக்குக் கற்றுத்தரப்படுகிறது. தடுப்பாளர் எதிராளியை நோக்கி நின்றாரா, இரு கால்களும் தரையில் பதிந்திருந்தனவா, மோதல் அவரது மார்பில் நிகழ்ந்ததா என்பவை விதி கேட்கும் கேள்விகள். இவற்றுக்கான விடை மோதலுக்கு முந்தைய ஒரு நொடியில் இருக்கிறது. அந்த நொடியைத் தவறவிட்டவர் விழுவதை மட்டுமே பார்ப்பார். விழுவதை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

நிற்கும் இடமும் அதே அளவுக்கு முக்கியம். இரு வீரர்களும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நின்றால், இருவரும் மோதியது போலவே தோன்றும். பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் இருவருக்கும் இடையிலான வெளி தெரியும். நடிப்பைக் கண்டறிவதில் பாதி வேலை அந்த ஓரடி நகர்வில் முடிந்துவிடுகிறது.

எஞ்சிய பாதி, உடலின் இயக்கத்தைப் படிப்பது. என்பிஏ 2012-இல் வகுத்த அளவுகோலின் சாரம் எளிமையானது: பட்ட வேகத்துக்கும் திசைக்கும் பொருந்தாத எதிர்வினையே நடிப்பு. சமநிலை காக்கவோ, மோதலுக்குத் தயாராகவோ, காயத்தைத் தவிர்க்கவோ செய்யும் அசைவுகள் நடிப்பாகா. இடுப்பில் கை பட்டால் தலை பின்னுக்குச் சாயக் காரணமில்லை. வலப்புறமிருந்து இடித்தால் வலப்புறமே விழ முடியாது. தொடுதலுக்கு முன்பே கைகள் உயர்ந்துவிட்டால் மறு பார்வையே தேவையில்லை. உண்மையில் நிலைகுலைந்தவரின் கண் தரையைத் தேடும். நடிப்பவரின் கண் பெரும்பாலும் நடுவரைத் தேடும்.

எறிபவர்கள் செய்யும் தந்திரம் இன்னும் நுட்பமானது. தடுப்பாளர் தம் இடத்திலேயே இருக்க, எறிபவர் வேண்டுமென்றே பக்கவாட்டில் தாவியோ, காலை நீட்டியோ, தடுப்பாளரின் கையைத் தம் கையால் கொக்கி போட்டு இழுத்தோ மோதலை உருவாக்குவார். தொடுதல் உண்மை, ஆனால், அதை உருவாக்கியவர் அவரே. 2021-22 பருவத்தில், இத்தகைய இயல்பற்ற அசைவுகளுக்குத் தடுப்பாளர் மீது பவுல் வழங்க வேண்டாம் என என்பிஏ தன் நடுவர்களுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முன்பு ஃப்ரீ த்ரோ பெறுவதில் பெயர்பெற்றிருந்த ஜேம்ஸ் ஹார்டன், டிரே யங் போன்றோர் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் திணறியதை ரசிகர்கள் நினைவுகூரக்கூடும். புதிய அபராதம் எதுவும் தேவைப்படவில்லை. பரிசு நின்றது, பழக்கமும் குறைந்தது.

களத்தின் வரைபடத்தையே மாற்றிய முன்னுதாரணமும் உண்டு. கூடைக்கு நேர்கீழே வந்து நின்று, தாவி வருபவர் மோதியதும் விழுந்து பவுல் வாங்குவது ஒரு காலத்தில் தடுப்பாளர்களின் வாடிக்கை. அதைத் தடுக்க என்பிஏ 1997-98 பருவத்தில் கூடைக்கு அடியில் நான்கடி வளைவு ஒன்றை வரைந்தது. 2010-இல் ஃபிபாவும் 1.25 மீட்டர் அரைவட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த அரைவட்டத்துக்குள் நிற்பவர், தாவி வரும் வீரர் மோதி விழுந்தாலும் பொதுவாக அவர் மீது பவுல் பெற முடியாது.

நிமிர்ந்து நிற்பவருக்கு நீதி

நடிப்பவரைத் தண்டிப்பது பற்றிப் பேசும் அளவுக்கு, நடிக்காதவருக்கு நீதி வழங்குவது பற்றிப் பேசப்படுவதில்லை. கையைப் பிடித்து இழுத்தும் கீழே விழாமல், முகம் சுளிக்காமல் பந்தைக் கூடையை நோக்கி எறியும் வீரரை எடுத்துக்கொள்வோம். பந்து கூடையில் விழவில்லை. நடுவரும் விசில் ஊதவில்லை. அடுத்த முறை அவர் என்ன செய்வார்? கத்துவார், தலையைப் பின்னுக்கு வீசுவார். விசில் ஒலிக்கும். அவருக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்தவர் பயிற்சியாளர் அல்ல, நடுவர்தான்.

எனவே, நிமிர்ந்து நின்றவர் மீது நிகழ்ந்த பவுலைத் தவறாமல் ஊதுவதும், நடிப்பை ஒடுக்கும் பணியின் ஒரு பகுதியே. ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே இது வெளிப்பட்டால், இரு அணிகளும் புரிந்துகொள்கின்றன. முதல் கால்பகுதியில் கண்டுகொள்ளாத நடிப்பைக் கடைசி நிமிடத்தில் தண்டித்தால் அது நீதியாகத் தோன்றாது, பாரபட்சமாகவே தோன்றும்.

பெயரைப் பார்த்து முடிவு செய்வது இன்னொரு ஆபத்து. நடிப்பவர் என்று பெயரெடுத்த வீரர் உண்மையிலேயே தள்ளப்படும்போது, 'இவர் வழக்கம்போல் நடிக்கிறார்' என்று ஒதுக்கிவிடும் மனநிலை எளிதில் வந்துவிடும். அவரது பழைய நடிப்புக்கான தண்டனை பழைய ஆட்டங்களில் முடிந்திருக்க வேண்டும். அதைவிடக் கவலைக்குரியது காயம். மார்பில் மோதலை வாங்கிப் பின்னோக்கி விழும் தடுப்பாளரின் தலை தரையில் மோதும் வாய்ப்பு எப்போதும் உண்டு. விழுந்து கிடப்பவரின் வலி உண்மையா என்பதை நடுவர் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. காயமடைந்த வீரரைக் காக்கத் தேவையெனில் ஆட்டத்தை உடனே நிறுத்த ஃபிபா விதிகள் நடுவருக்கு அதிகாரம் தருகின்றன. விழுந்த விதத்தைத் தண்டிக்கலாம், முனகலை அல்ல. இந்த வேறுபாடு மங்கினால், நடிப்பை ஒழிக்கக் கொண்டுவந்த விதியே ஒரு வீரரின் உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

எச்சரிக்கை வேண்டுமா, வேண்டாமா?

இதில் அமெரிக்கக் கல்வி நிலையப் போட்டிகள் எதிரெதிர்த் திசைகளில் சென்றிருப்பது சுவையானது. கல்லூரி ஆடவர் கூடைப்பந்தில் முதலில் எச்சரிக்கை, பிறகு டெக்னிக்கல் பவுல் என்றிருந்த முறை 2021-இல் மாற்றப்பட்டு, எச்சரிக்கை நீக்கப்பட்டது. முதல் நடிப்புக்கே ஒரு ஃப்ரீ த்ரோ தண்டனை என்றானது. உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளிலோ முதல் நடிப்புக்கே டெக்னிக்கல் பவுல் என்றிருந்த விதி 2024-25 பருவத்தில் தளர்த்தப்பட்டு, முதலில் எச்சரிக்கை என மாற்றப்பட்டது.

முரணாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் காரணம் உண்டு. பள்ளி ஆட்டத்தில் டெக்னிக்கல் பவுல் என்றால் பொதுவாக இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் எதிரணிக்கு. பதினைந்து வயதுச் சிறுவன் சற்று மிகையாக விழுந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று நடுவர் தயங்குவார். தயங்குபவர் ஊத மாட்டார். விதி ஏட்டில் தூங்கும். தண்டனை சிறிதாக இருந்தால் அது அடிக்கடி வழங்கப்படும். கல்லூரி வீரர்கள் சிறுவர்கள் அல்லர்; ஓர் எச்சரிக்கை உண்டு என்று தெரிந்தால், அணிக்கு ஓர் இலவச நடிப்பு உண்டு என்றே கணக்கிடுவார்கள். அங்கு தண்டனையே ஒரு ஃப்ரீ த்ரோ அளவுக்குச் சிறிதாக இருப்பதால் எச்சரிக்கை தேவையற்றதாகிறது. வயதுக்கேற்ப விதி மாறுவதில் பிழை காண முடியவில்லை.

மற்ற விளையாட்டுகளும் இதே சிக்கலைச் சந்தித்தவைதான். கால்பந்தில் நடுவரை ஏமாற்ற விழுபவருக்கு மஞ்சள் அட்டை என்பது 1999-இல் விதியானது. கிரிக்கெட்டில் அளவு மீறி அவுட் கேட்பதை ஐசிசி நடத்தை விதிகள் குற்றமாகக் கருதுகின்றன. அங்கும் நோக்கம் ஒன்றே: நடுவரின் காதையும் கண்ணையும் வளைக்கும் முயற்சிக்கு விலை வைப்பது.

இந்தியாவின் மாவட்ட, மாநில அளவிலான போட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மறு ஒளிபரப்பு வசதி இல்லை. பல இடங்களில் இரண்டு நடுவர்களே ஆட்டத்தை நடத்துகின்றனர். காணொலியை நம்பிய என்பிஏ முறையைவிட, சைகையும் அணிக்கு ஓர் எச்சரிக்கையும் கொண்ட ஃபிபா முறை இங்கு பொருத்தமானது. அதற்குச் செலவே இல்லை. ஆனால், அந்தச் சைகையைக் காட்டும் பழக்கம் நடுவர்களிடம் வேண்டும். ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் தங்களுக்குள் பேசும்போது, எதை மிகை நடிப்பாகக் கொள்வது, யாருடைய பகுதியில் நிகழ்ந்தால் யார் சைகை காட்டுவது, எச்சரிக்கையைப் பயிற்சியாளரிடம் யார் சொல்வது என்று முடிவு செய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். முதல் எச்சரிக்கையைத் தெரிவிக்கும்போது விவாதத்துக்கு இடம் தராமல், எந்த வீரர், எந்த நிகழ்வு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. அதே அணியில் அடுத்து விழுபவர் அணித்தலைவராகவே இருந்தாலும், ஆட்டம் முடிய ஒரு நிமிடமே எஞ்சியிருந்தாலும், டெக்னிக்கல் பவுல் சைகையைக் காட்டத் தயங்கக் கூடாது.